பில்லில் 'கட்டில் – 1' என்று மட்டும் இருந்தால்: சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் என்ன செய்வது

நாலு மாதம் அந்தக் கட்டிலில் நிம்மதியாகத்தான் தூங்கினேன். போகிக்கு முன்னால் வீடு கழுவலாம் என்று கட்டிலை நகர்த்தியபோதுதான் கால்மாட்டுப் பக்கம் தரையில் கோலமாவு சிந்தின மாதிரி ஒரு சின்னக் குவியல் இருந்தது. துடைத்தேன். மறுநாள் திரும்பவும் அதே இடத்தில் அதே அளவு. பெரம்பூர் வீட்டில் அலமாரி செய்து கொடுத்த ஆசாரி அன்றைக்கு வேறு வேலையாக வந்திருந்தார், அவரைப் பார்க்கச் சொன்னதும் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, சட்டத்தின் அடிப்பக்கம் உளியால் ஒரே ஒரு சீவு சீவினார். மேலே தேன் நிறம், உள்ளே வெளிறிப்போன பால் நிறம். அந்தச் சீவலை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தேக்குன்னா சீவும்போதே ஒரு எண்ணெய் வாசனை வரும் சார். இது ரப்பர் மரம். மேல கலர் அடிச்சு பாலிஷ் போட்டிருக்கான். கீழ கொட்டுறது வண்டு அரிச்ச பொடி."

42,000 ரூபாய். முழுத் தேக்கு என்று கடையில் கட்டிலைத் தட்டித் தட்டிச் சத்தம் காட்டி விற்றார்கள்.

பீரோவிலிருந்து பில்லை எடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: காட் (அதாவது கட்டில்), 6.5 x 5, ஒன்று. தேக்கு என்ற வார்த்தையே இல்லை. கடைக்குப் போனால், நான் எதிர்பார்த்த கேள்வியையே கல்லாவில் இருந்தவர் கேட்டார்: "பில்லுல தேக்குன்னு எங்க சார் இருக்கு?"

அன்றைக்கு ஆரம்பித்துக் கடைசியில் முழுப் பணத்தையும் வாங்கியவரை நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வக்கீல் இல்லை நான், கட்டில் வாங்கி ஏமாந்தவன். ஆனால் சட்டப் பிரிவுகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இரண்டு சட்டங்கள் தெரிந்தால் போதும். ஒன்று ரொம்பப் பழசு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதில் 15ஆம் பிரிவு, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போயாக வேண்டும் என்கிறது. சாம்பிளும் காட்டி விவரமும் சொல்லி விற்றிருந்தால், சாம்பிள் மாதிரியே இருக்கிறதே என்று கடைக்காரர் தப்பிக்க முடியாது, விவரத்தோடும் பொருந்த வேண்டும். என் கட்டில் ஷோரூமில் பார்த்த கட்டில்தான், அச்சு அசலாக அதே டிசைன். "நீங்க பார்த்துத்தானே சார் வாங்கினீங்க" என்று அவர்கள் சொன்னதற்குப் பதில் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

இன்னொன்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது, 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. இதில் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு, 2ஆம் பிரிவின் 47ஆவது உட்பிரிவு. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வது, பழைய பொருளையோ பழுது பார்த்த பொருளையோ புதுசு என்று விற்பது, பில் தராமல் இருப்பது எல்லாம் அதில் வருகிறது. எனக்குப் பிடித்தது இது: குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், பணத்தைக் கொடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். அப்படியானால் பில்லுக்கு அடியில் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்களே? குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் நியாயமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்கு பார்டர் சரியில்லை, பக்கத்துக் கடையில் 500 ரூபாய் குறைவு: இதற்கெல்லாம் இந்தச் சட்டம் கிடையாது. மாற்றித் தருவதும் தராததும் கடையின் விருப்பம், அவர்கள் போட்டிருக்கும் எக்ஸ்சேஞ்ச் விதிப்படி நடக்கும். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால்தான் நமக்கு உரிமை. ஆடித் தள்ளுபடியில் வாங்கினாலும் அந்த உரிமை போகாது. 'சின்ன டேமேஜ் இருக்கு, அதனாலதான் பாதி விலை' என்று காட்டிச் சொல்லியே விற்றிருந்தால் அந்த டேமேஜைப் பற்றி அப்புறம் புகார் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, வாங்கியது மறுவிற்பனைக்கோ வியாபாரத்துக்கோ என்றால் நீங்கள் நுகர்வோர் கணக்கில் வரமாட்டீர்கள். லாட்ஜுக்கு இருபது கட்டில் வாங்கினால் வழி வேறு. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகத் தையல் மெஷின் வாங்கும் ஒருவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

முதல் நாளே செய்ய வேண்டியது

கோபத்தோடு கடைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன், அதனால் அரை நாளும் தொண்டையும் போனதுதான் மிச்சம். முதலில் பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டே இருந்தால், ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்தினார் என்று அவர்கள் பக்கம் ஒரு வாதம் கிளம்பும். நீங்களே ரிப்பேர் செய்துவிடவும் வேண்டாம். ஆசாரி அந்தச் சீவின இடத்தில் பாலிஷ் போட்டு மறைக்கட்டுமா என்று கேட்டார், நல்லவேளை வேண்டாம் என்றேன். அந்த ஒரு விரல் நீளச் சீவல்தான் பின்னால் என் சாட்சி.

அப்புறம் பில்லை போட்டோ எடுங்கள். சென்னை வெயிலுக்கு அந்த மெல்லிய தாள் பில் ஆறு மாதத்தில் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும், பர்ஸில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பில்லோடு டெலிவரி சலான், வாரண்டி அட்டை, பெட்டியில் ஒட்டியிருந்த லேபிள், கார்டு ஸ்லிப் அல்லது யுபிஐ பணப் பரிமாற்ற எண், செய்தித்தாளில் வந்த விளம்பரம், கடையின் இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். விளம்பரப் பதிவை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், புகார் என்றதும் காணாமல் போகிற முதல் பொருள் அதுதான்.

பில்லில் விவரம் இல்லாத என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? வாய்வார்த்தைக்கு வேறு எங்காவது தடயம் இருக்கிறதா என்று தேட வேண்டும். என் வீட்டில் அது மனைவியின் போனில் இருந்தது. வாங்கும் முன்பு விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டிருக்கிறாள், "முழுக்கத் தேக்குதானா?" என்றும் கேட்டிருக்கிறாள். அந்தப் பையன் சோம்பேறித்தனப்பட்டு டைப் செய்யாமல் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தான்: "ஃபுல் டீக் மேடம், பலகை மட்டும் பிளைவுட். நாலு காலும் சட்டமும் பக்கா தேக்கு." பதினொரு நொடி. நான் கடையில் கத்திக்கொண்டிருந்தபோது இவள் நிதானமாக, "என்னங்க, இதை ஒருவாட்டி கேளுங்க" என்று போனை நீட்டினாள்.

அப்படி எதுவுமே இல்லையென்றால் இப்போதாவது உருவாக்குங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ, 'இன்ன தேதியில் தேக்கு என்று சொல்லி விற்ற கட்டில் தேக்கு இல்லை, என்ன செய்யப் போகிறீர்கள்' என்று கேளுங்கள். நிறையக் கடைக்காரர்கள் 'நாங்கள் தேக்கு என்று சொல்லவே இல்லை' என்று எழுதமாட்டார்கள், 'அது தேக்குதான் சார்' என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பதிலே போதும். விலையும் ஒரு சாட்சி, ரப்பர் மரக் கட்டிலுக்கு யாரும் தேக்கு விலை கொடுக்கமாட்டார்கள்.

பொருளுக்குப் பொருள் நிரூபிக்கும் விதம் மாறும்

மரத்துக்கு ஆசாரி எழுதிக் கொடுத்தது பேச்சுவார்த்தைக்குப் போதுமானதாக இருந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போனால், பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலையில் அவர்களே மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கட்டணத்தை நாம் கட்ட வேண்டும். அதனால் பொருளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தங்கம் இதில் சுலபம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மைக் குறி, ஹெச்யூஐடி என்ற ஆறு இலக்கத் தனி அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கம் எழுத்தும் எண்ணும் கலந்து வரும், 22 காரட்டுக்கு 22கே916 என்று பொறித்திருப்பார்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் முத்திரை போட்டது என்று வந்துவிடும். ஆப்பில் மோதிரம் என்று வருகிறது, கையில் இருப்பது தோடு என்றால் அங்கேயே கேளுங்கள். முத்திரையில் சொன்னதைவிடத் தூய்மை குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால், குறைந்த தூய்மைக்கான தொகையைப்போல் இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் பிஐஎஸ் விதி. நகைக் கடைக்காரருக்கு இந்த விதி நன்றாகத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

பட்டுப் புடவையில்தான் தி.நகரில் ஆள் ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். 'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமான பட்டு என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது செயற்கைப் பட்டு. ஓரத்திலிருந்து ஊடிலும் (குறுக்கு இழை) பாவிலும் (நெடுக்கு இழை) தனித்தனியாக ஒரு இழை உருவித் தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் தானே அணையும், கரியை விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக ஒட்டிக்கொள்ளும். பாவு மட்டும் பட்டாக இருந்து ஊடு வேறாக இருப்பதும் உண்டு, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் லேபிள் தொங்கினால் அதில் தனி எண் இருக்கும், கழற்றி எறியாமல் பில்லோடு சேர்த்து வையுங்கள். பில்லில் 'புடவை' என்று இருந்தால் போதாது, 'சுத்தப் பட்டு, அசல் சரிகை' அல்லது 'ஹாஃப் ஃபைன் சரிகை' என்று எது சொன்னார்களோ அது இருக்க வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் போன் வாங்கினால் பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணும், *#06# அடித்தால் திரையில் வரும் எண்ணும், பில்லில் எழுதிய எண்ணும் மூன்றும் ஒன்றா என்று கடை வாசலிலேயே பாருங்கள். லேப்டாப் என்றால் சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்று பார்ப்பது நல்லது, இன்றைக்கு வாங்கிய 'புது' லேப்டாப்புக்கு வாரண்டி போன வருஷமே ஓட ஆரம்பித்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பாக்கெட் பொருளில் எடை குறைவு, எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் போன்றவற்றுக்கு எடையளவுச் சட்டம் தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

கடையிடம் எப்படிப் பேசுவது

இரண்டாம் முறை போனபோது நான் கத்தவில்லை. சனி, ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் போகாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். விற்றவரிடம் பேசிப் பயனில்லை, முடிவெடுக்கிறவர் யார் என்று கேட்டு அவரிடம் உட்கார்ந்து, எனக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொன்னேன்: கட்டிலை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்க' என்றால் மெத்தை ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்பார்கள், 'அதே விலைக்கு வேறு எடுத்துக்கங்க' என்பார்கள். கிரெடிட் நோட் (பணத்துக்குப் பதில் அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு) வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அவர்கள் என்னிடம் சொன்னது, "கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க, நாங்க வெறும் டீலர்தான்." இந்த வாதத்துக்கு மயங்காதீர்கள். நாம் பணம் கொடுத்தது கடைக்கு, தேக்கு என்று சொன்னதும் கடை. வேண்டுமானால் தயாரிப்பாளரையும் சேர்த்துக்கொள்ளலாம், கடையை விட்டுவிடக் கூடாது.

பேசிவிட்டு வந்த அன்றே, என்ன பேசினோம் என்பதைக் கடைக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். 'இன்று காலை தங்களைச் சந்தித்தபோது ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகக் கூறினீர்கள்' என்று இரண்டு வரி போதும்.

கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கும் வழியும் உண்டு, சொன்ன பொருள் வரவில்லை என்பது அதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட காரணம். இதற்குக் கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். இஎம்ஐயில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம், அடி விழுவது உங்கள் சிபில் ஸ்கோரில்.

1915

கடை அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேசிய விடுமுறை தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். புகாருக்கு ஒரு எண் தருவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, புகாரைக் கடைக்கோ கம்பெனிக்கோ அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். பெரிய பிராண்டு, ஆன்லைன் விற்பனைத் தளம் என்றால் இதிலேயே பல நேரம் முடிந்துவிடுகிறது. தெருமுனை மரக்கடைக்கு அவ்வளவாக உறைக்காது, என் விஷயத்தில் கடைக்கு உறைக்கவில்லை. ஆனாலும் போட்டு வையுங்கள், நீங்கள் முறையாக முயன்றதற்கு அது பதிவு. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் பிடி: தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கவும் முடியாது.

சென்னையில் நேரில் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் 1985லிருந்து இயங்கும் சிஏஜி (சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்ட் சிவிக் ஆக்‌ஷன் குரூப், அரசின் தணிக்கைத் துறை இல்லை) மாதிரியான நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன, போய்க் கேட்கலாம்.

நோட்டீஸ்

எனக்கு வேலை செய்தது இதுதான். வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, நானே வெள்ளைத் தாளில் தமிழில் டைப் செய்து அனுப்பினேன். கிட்டத்தட்ட இப்படி:

'தங்கள் கடையில் இன்ன தேதியில், இன்ன எண் ரசீதின்படி ரூ. 42,000 செலுத்தி ஒரு கட்டில் வாங்கினேன். நான்கு கால்களும் சட்டமும் தேக்கு என்று தங்கள் விற்பனையாளர் இன்ன தேதியில் வாட்ஸ்அப் குரல் பதிவு மூலம் உறுதி கூறினார். அதை நம்பியே வாங்கினேன். தற்போது அது ரப்பர் மரம் என்றும், வண்டு அரித்துள்ளது என்றும் தெரியவந்துள்ளது. படங்களை இணைத்துள்ளேன். இது சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவுக்கு முரணானது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டிலைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு ரூ. 42,000, டெலிவரிக்கு நான் கொடுத்த ரூ. 1,200, மன உளைச்சலுக்கு ரூ. 10,000 ஆகியவற்றைத் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன்.'

திட்டு இல்லை, 'ஏழை வயிற்றில் அடித்தீர்கள்' இல்லை. தேதி, தொகை, சொன்னது, வந்தது, வேண்டியது, கெடு. ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புங்கள், நகல் ஒன்றை மெயிலிலும் போடுங்கள். விலாசம் பில்லில் இருப்பதே போதும், கடை உரிமையாளர் பெயர் தெரியாவிட்டால் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர் வந்துவிடும்.

ஆணையத்துக்குப் போவது

நான் இதற்கான மனுவைத் தயாராக டைப் செய்தே வைத்திருந்தேன், அதனால் இந்தப் பகுதியும் தெரியும்.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, கொடுத்த விலையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். சென்னையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு மாவட்ட ஆணையங்கள். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு, ஆவடி பக்கம் என்றால் திருவள்ளூர். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பெரிய சௌகரியம், கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். சூரத்திலிருந்து வந்த புடவைக்குச் சூரத் போக வேண்டாம்.

கால வரம்பு இரண்டு வருஷம். பேசிப் பேசியே இழுத்தடிக்கிற கடைகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன, 'அடுத்த வாரம் வாங்க' என்பது அந்த இரண்டு வருஷத்தை நிறுத்தி வைக்காது.

மனுவில் நீங்கள் யார், எதிர்தரப்பினர் யார், நடந்தது என்ன என்று தேதிவாரியாக, என்ன குறை, என்ன நிவாரணம் வேண்டும் என்று எழுதி, ஆவணங்களுக்கு எண் போட்டு இணைத்து, உண்மை என்று ஒரு பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வைப்பவர்கள், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. குரல் பதிவு இருந்த போனை விற்றுவிடாதீர்கள், என் மனைவி புது போன் கேட்டபோது நான் தடுத்ததற்கு ஒரே காரணம் அந்தப் பதினொரு நொடிதான். இணையத்தில் தாக்கல் செய்ய முன்பு இ-தாக்கில் இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம், வீடியோ மூலம் ஆஜராகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நிவாரணத்தில் பேராசை வேண்டாம். 42,000 ரூபாய்க் கட்டிலுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் மனுவின் மரியாதையே குறையும். கொடுத்த பணம், அதற்கு வட்டி, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு.

தாக்கல் செய்த பிறகு சாதாரணமாக 21 நாளுக்குள் வழக்கை ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூட அதிகபட்சம் 15 நாள். இந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் சொல்லிவிட்டது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நடுவில் சமரசத்துக்கும் அனுப்புவார்கள். பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், வருஷக் கணக்கும் ஆகலாம், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். தீர்ப்பு வந்தும் கடை பணம் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். 72ஆம் பிரிவின்படி உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர்கள் மேல்முறையீடு போக வேண்டுமானால் 45 நாளுக்குள் போக வேண்டும், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

சமாதானம் பேச வந்தால்

என் நோட்டீஸ் போன பதினொன்றாம் நாள் போன் வந்தது. சட்டம் 15ஆம் பிரிவு என்பதைக் கடைக்காரர் தன் ஆடிட்டரிடம் காட்டியிருக்கிறார் போல, குரலில் ஒரு தன்மை இருந்தது. "கட்டிலை அனுப்பிடுங்க சார், பார்த்துட்டு பணத்தைப் போட்டு விட்டுடறேன்" என்றார். இங்கேதான் கடைசித் தவறு நடக்கும். பொருளை முதலில் அனுப்பிவிட்டால் உங்கள் கையில் சாட்சியும் இல்லை, சரக்கும் இல்லை. பணம் வந்த பிறகு பொருள், அல்லது வாசலில் வைத்து இரண்டும் ஒரே நேரத்தில். மன உளைச்சலுக்குக் கேட்ட பத்தாயிரத்தையும் டெலிவரிக் காசையும் நான் விட்டுக்கொடுத்தேன், 42,000 முழுசாக வர வேண்டும் என்பதில் மட்டும் நின்றேன். இன்னும் இழுத்தால் கிடைத்திருக்குமோ என்று மனைவிக்கு இப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

சனிக்கிழமை காலை குட்டியானை மினி லாரி வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பணம் வந்த மெசேஜ் வந்ததும், நான் தயாராக எழுதி வைத்திருந்த தாளை வந்தவரிடம் நீட்டினேன்: 'ரசீது எண் இன்னதில் விற்ற கட்டில், ரூ. 42,000 திருப்பித் தந்து பெற்றுக்கொள்ளப்பட்டது.' கையெழுத்துப் போடப் போனவரை நிறுத்தி, 'விற்ற' என்ற சொல்லுக்கு முன்னால் 'தேக்கு என்று' என இரண்டு சொல் சேர்க்கச் சொன்னேன். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தார்.